அறுபது பேருக்கு நடுவே: கச்சேரிக்கு முன் சில குறிப்புகள்

லண்டனில் அடுத்த மாதம் ஒரு கச்சேரி. நிகழ்ச்சி நிரலைப் பார்த்த கையோடு டிக்கெட் எடுத்துவிட்டேன். முதலில் மோட்சார்ட்டின் சின்ஃபோனியா கான்செர்தாந்தே, கே. 364. அடுத்து பீத்தோவனின் டிரிப்பிள் கான்செர்ட்டோ, ஓபஸ் 56. இடைவேளைக்குப் பிறகு பிராம்ஸின் டபுள் கான்செர்ட்டோ, ஓபஸ் 102. மூன்றும் சேர்ந்து நூறு நிமிடத்தைத் தொடும். சிம்பொனி ஒன்றுகூடக் கிடையாது.

மூன்றிலும் முன்னால் வந்து வாசிப்பவர் ஒருவரல்லர். மோட்சார்ட்டில் வயலினும் வயோலாவும். பீத்தோவனில் வயலின், செல்லோ, பியானோ. பிராம்ஸில் வயலினும் செல்லோவும். இப்படி மூன்றையும் ஒரே மாலையில் அடுக்க நிறையப் பேர் துணிய மாட்டார்கள். பியானோவை நடுவில் உருட்டி வரவேண்டும், இடைவேளையில் உருட்டிப் போகவேண்டும். தனிக் கலைஞர்களுக்கான செலவும் பல மடங்கு.

*

மைக் கிடையாது. இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். சபாவில் பாடகர், வயலின், மிருதங்கம் என்று ஆளுக்கொரு மைக் வைத்துக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் ஒருவர் ஒரு மரப்பெட்டியையும் நான்கு தந்திகளையும் வைத்துக்கொண்டு, கடைசி வரிசைவரை கேட்கும்படி வாசிக்கவேண்டும். எப்படிக் கேட்கிறது?

இந்தக் குறிப்புகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

*

முதலில் கணக்கு. ஒரு வயலினுக்குப் பதில் இரண்டு வயலின் ஒரே சுரத்தை வாசித்தால் ஒலி மட்டம் 3 டெசிபல்தான் ஏறும். நான்கு வாசித்தால் 6. எட்டுக்கு 9. பதினாறு வயலின்கள் சேர்ந்தாலும் ஒன்றைவிட 12 டெசிபல்தான் அதிகம். 10 டெசிபல் கூடினால்தான் நம் காது ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று சொல்லும். ஆக, பதினாறு பேர் ஒருவரைவிடப் பதினாறு மடங்கு உரக்கக் கேட்பதில்லை. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இன்னொன்று. பதினாறு பேர் எவ்வளவு ஒற்றுமையாக வாசித்தாலும் சுருதியில் இம்மி வித்தியாசம், வில் திரும்புவதில் ஒரு நொடித்துளி முன்பின் இருந்தே தீரும். அதனால் கூட்டத்தின் ஒலிக்குப் பஞ்சுபோல ஒரு மென்மை வந்துவிடுகிறது. தனி வயலினுக்கு விளிம்பு உண்டு. காது விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கணக்கு வயலினுக்குச் சாதகம். வயோலாவுக்கும் செல்லோவுக்கும் அவ்வளவு சாதகமில்லை. அவற்றின் இயல்பான குரல் விழும் இடத்தில்தான் ஆர்கெஸ்ட்ராவின் கூட்டமும் நெருக்கமாக இருக்கிறது. ஹார்ன், பசூன், கிளாரினெட்டின் கீழ்ப்பகுதி, கூட்ட வயோலாக்கள், கூட்டச் செல்லோக்கள் எல்லாம் அங்கேதான். அடுத்த மாதக் கச்சேரியில் மூன்று படைப்புகளிலும் இந்த இரண்டில் ஒன்று முன்வரிசையில் இருக்கிறது. நிகழ்ச்சி நிரல் போட்டவர் இதை யோசித்துத்தான் போட்டிருக்கவேண்டும்.

*

நண்பரின் மகள் பல்கலைக்கழக ஆர்கெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கிறாள். யாழ்ப்பாணக் குடும்பம், லண்டனில் பிறந்த பிள்ளை. கே. 364 பற்றிக் கேட்டேன்.

“மாமா, வயோலா எண்டால் நடுவில இருக்கிற ஆள். மேல வயலின், கீழ செல்லோ. நடுவில நிண்டு கத்தினாலும் ஒருத்தருக்கும் கேக்கேலாது.”

“அப்ப மோட்சார்ட் என்ன செய்தார்?”

“அவர் கெட்டிக்காரன். தந்தியை ஏத்தினவர்.”

*

அவள் சொன்ன விஷயம் இதுதான். 1779இல் சால்ஸ்பர்கில் எழுதிய அந்தப் படைப்பு ஈ ஃபிளாட் மேஜரில் இருக்கிறது. தனி வயோலாவின் பகுதியை மட்டும் மோட்சார்ட் டி மேஜரில் எழுதினார். வாசிப்பவர் தன் நான்கு தந்திகளையும் அரைச்சுரம் மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளவேண்டும். விரல்கள் டி மேஜரில் ஓடும், காதில் ஈ ஃபிளாட் விழும்.

லாபம் இரண்டு. தந்தி இறுகினால் ஒலி பளிச்சென்று ஆகிறது. இரண்டாவது லாபம் இதைவிட நுட்பம். டி மேஜரில் டி, ஏ, ஜி ஆகிய மூன்றும் முக்கியமான சுரங்கள். வயோலாவில் அவை மூன்றும் விரல் வைக்காத திறந்த தந்திகள். வாசிக்காதபோதும் அவை கூடவே அதிர்ந்து ஒலிக்கு உடல் கொடுக்கும். ஆர்கெஸ்ட்ராவில் இருப்பவர்களோ உண்மையான ஈ ஃபிளாட்டில் வாசிக்கிறார்கள். அந்தச் சுருதியின் ஆதார சுரங்களுக்கு அவர்களிடம் திறந்த தந்தி கிடையாது. அவர்கள் ஒலி இயல்பாகவே சற்று மூடிக்கொள்கிறது. ஒரே கல்லில், ஒருவரை ஏற்றி மற்றவர்களை இறக்கிவிட்டார்.

இன்று பெரும்பாலோர் தந்தியை ஏற்றுவதில்லை, சாதாரணக் கட்டிலேயே ஈ ஃபிளாட்டில் வாசிக்கிறார்கள். வயோலாவின் கட்டமைப்பும் தந்திகளும் மாறிவிட்டன, அவ்வளவு தேவைப்படவில்லை என்கிறார்கள். அடுத்த மாதம் வாசிக்கப்போகிறவர் என்ன செய்வாரோ! மேடைக்கு வருமுன் அவர் சுருதி சேர்ப்பதைக் கவனிக்கவேண்டும்.

*

அதே படைப்பில் இன்னொரு வேலை. ஆர்கெஸ்ட்ராவின் வயோலாக்களை மோட்சார்ட் இரண்டு அணியாகப் பிரித்து எழுதினார். காற்றுக்கருவிகள் என்று பார்த்தால் இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன் மட்டும். நடுப்பகுதி கனமாகவும் மேற்பகுதி காலியாகவும் இருக்கும் ஒரு ஒலி. முதல் பாகத்தில் நீண்ட ஆர்கெஸ்ட்ரா முகப்பு முடிந்து அடங்கிக்கொண்டிருக்கும்போது, வயலினும் வயோலாவும் ஒரே சுரத்தை மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியுமாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அவர்கள் எப்போது தொடங்கினார்கள் என்று சொல்வது கடினம். கூட்டம் விலகியபோதுதான் இருவர் நிற்பது தெரிகிறது. பெரிய நாயகப் பிரவேசம் எதுவும் இல்லை.

ஒலிப்பதிவில் இந்த இடம் அவ்வளவு மாயமாக இருப்பதில்லை. நேரில் கேட்கவேண்டும்.

*

இரண்டாம் பாகம் சி மைனர். இதைப்பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் மோட்சார்ட்டின் தாயாரைக் கொண்டுவருவார்கள். 1778 ஜூலை 3, பாரிஸ். மகனோடு பயணம் வந்த இடத்தில் அவர் இறந்தார். அன்று இரவே மோட்சார்ட் சால்ஸ்பர்கில் இருந்த தந்தைக்குக் கடிதம் எழுதினார். அம்மாவுக்கு உடம்பு மிகவும் முடியவில்லை என்று மட்டும் அதில் இருந்தது. உண்மையைக் குடும்ப நண்பரான ஒரு பாதிரியாருக்குத் தனியாக எழுதி, அப்பாவை மெதுவாகத் தயார்செய்யச் சொன்னார். தந்தைக்கு எழுதிய அதே கடிதத்தில் தன்னுடைய புதிய சிம்பொனியைப் பாரிஸ்காரர்கள் எப்படிக் கைதட்டி ரசித்தார்கள் என்ற விவரமும் இருக்கிறது. பாகத்தின் நடுவிலேயே கைதட்டினார்களாம்.

சி மைனரையும் அந்த மரணத்தையும் முடிச்சுப்போட ஆதாரம் எதுவும் இல்லை. பாரிஸிலிருந்து அவர் கொண்டுவந்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது வேறு: பல தனிக் கலைஞர்களை வைத்து எழுதும் இந்த வடிவத்தின் மேல் ஆசை. பாரிஸில் அப்போது அதுதான் மோகம். ஊர் திரும்பிய அடுத்த சில மாதங்களில் இதை எழுதினார்.

கைதட்டல் பற்றி ஒரு துணைக்குறிப்பு: பாகங்களுக்கு இடையில் தட்டாமல் உறைந்து உட்கார்ந்திருப்பது மோட்சார்ட்டுக்குத் தெரியாத வழக்கம். அடுத்த மாதம் யாராவது மறந்து தட்டிவிட்டால் முறைக்க மாட்டேன்.

*

காடென்ஸா. கான்செர்ட்டோவில் ஆர்கெஸ்ட்ரா நின்றுவிட, தனிக் கலைஞர் மட்டும் விளையாடும் இடம். நம்முடைய தனி ஆவர்த்தனத்தை நினைத்துக்கொண்டால் போதும். கோர்வை வரப்போகிறது என்று பாடகருக்குத் தெரிவதுபோல, இங்கே நீளமான ஒரு டிரில் வந்தால் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் கருவியைத் தூக்கித் தயாராகிவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் ஒருவர் மட்டும் என்றால் மனோதர்மத்துக்கு விட்டுவிடலாம். இருவர் சேர்ந்து ஒரே நேரத்தில் மேற்கத்திய ஹார்மனிக்குள் மனோதர்மம் செய்யமுடியாது. அதனால் கே. 364இல் மோட்சார்ட் தானே காடென்ஸாக்களை எழுதிவைத்தார். மனோதர்மம் போனதற்கு வருத்தப்படுவதா, அவரே எழுதியது கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா?

பீத்தோவனின் டிரிப்பிளில் முதல் பாகத்தில் காடென்ஸாவே கிடையாது. பிராம்ஸ் தலைகீழாகச் செய்தார்: ஆர்கெஸ்ட்ரா நான்கே அளவு வாசித்து நிறுத்த, செல்லோ தனியாகப் பேச ஆரம்பித்துவிடுகிறது. முடிவில் வரவேண்டியது வாசலிலேயே வந்துவிட்டது.

*

டிரிப்பிள் கான்செர்ட்டோவைப் பற்றிக் குறை சொல்லாத விமர்சகர் அபூர்வம். பீத்தோவனின் தரத்துக்கு இல்லை, ராகங்கள் எளிமை, நீளம் அதிகம். 1803–04இல் எழுதினார். மூன்றாம் சிம்பொனி எழுதிய அதே காலம், அதனால் ஒப்பிட்டே தீருவார்கள்.

என் பக்க வாதம்: மூன்று பேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னால் மற்ற இருவரும் அதைச் சொல்லியாகவேண்டும். ஆர்கெஸ்ட்ராவும் ஒருமுறை சொல்லும். சிக்கலான கருத்தை நான்கு முறை சொன்னால் பொறுக்குமா? எளிய ராகம் என்பது தேர்வு. நீளம் என்பது பெருக்கல்.

*

டிரிப்பிளில் செல்லோ. இதைக் கவனித்துக் கேட்பவர்களுக்கு ஒரு சூசகம்: தனிக் கலைஞர்கள் மூவரில், ஒவ்வொரு பாகத்திலும் முதலில் வாயைத் திறப்பது செல்லோதான். முதல் பாகத்தில் அதுதான் முதலில் நுழைகிறது. மெதுவான இரண்டாம் பாகத்தில் ஊமையிட்ட வயலின்கள் சில அளவு வாசித்ததும் அதுதான். போலந்து நடனத் தாளத்தில் துள்ளும் மூன்றாம் பாகத்தை ஆரம்பிப்பதும் அதுதான்.

மரியாதை என்று நினைத்தேன். இப்போது கணக்கு என்று தோன்றுகிறது. பியானோவும் வயலினும் பேசிய பிறகு செல்லோ பேசினால் எடுபடாது. மேடை காலியாக இருக்கும்போதே அதைப் பேசவிட்டுவிட்டால், பிறகு கூட்டத்துக்குள்ளும் நம் காது அந்தக் குரலை அடையாளம் கண்டுகொள்ளும். கூடவே அதன் பகுதியை ஏ தந்தியின் உச்சியிலேயே வைத்து எழுதினார். அந்த உயரத்தில் சுருதி சுத்தமாக விழுவது பெரும்பாடு. செல்லோக்காரர்கள் இந்தப் படைப்பைப் பார்த்துப் பயப்படுவதற்குக் காரணம் அது. பியானோ பகுதி அவ்வளவு கடினமில்லை. பீத்தோவனின் மாணவரான ஆர்ச்டியூக் ருடால்ஃபுக்காக எழுதியது என்று பீத்தோவனின் உதவியாளராக இருந்த ஷிண்ட்லர் சொல்லிவைத்தார். ஷிண்ட்லர் சொன்னதையெல்லாம் நம்பமுடியாது. அச்சில் வந்தபோது படைப்பு இளவரசர் லோப்கோவிட்சுக்குத்தான் அர்ப்பணிக்கப்பட்டிருந்தது.

*

1804இன் பியானோ மரச்சட்டம் கொண்டது. தந்திகள் மெல்லியவை, ஒலி சட்டென்று அணையும். செல்லோவும் குடல் தந்தி கட்டியது, கீழே ஊசிக்கால் இல்லாமல் இரு கால்களுக்கு நடுவே இடுக்கி வாசித்தது. சமபலம் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே உலகத்துக் கருவிகள்.

இன்றைய கச்சேரிப் பியானோவில் வார்ப்பிரும்புச் சட்டம். தந்திகளின் மொத்த இழுவிசை சுமார் 20 டன். பக்கத்தில் இருக்கும் செல்லோவின் பலம் அந்த அளவுக்கு ஏறவில்லை. எஃகுத் தந்தி கொஞ்சம் உதவுகிறது. தரையில் ஊன்றும் ஊசிக்காலும் உதவுகிறது. தனிச் செல்லோவை ஒரு உள்கூடான மரமேடையில் உட்காரவைப்பார்கள், அதுவும் சேர்ந்து அதிரும். இவ்வளவு செய்தும் பியானோக்காரர் அடக்கி வாசித்தால்தான் உண்டு. டிரிப்பிளில் நல்ல பியானோக்காரர் யார் என்றால், நம் கவனத்துக்கு அடிக்கடி வராதவர்.

*

தயாரிப்புக்காக ஒலிப்பதிவுகள் கேட்டுக்கொண்டிருந்தேன். டிரிப்பிளுக்கு எல்லாரும் காட்டுவது 1969இல் பெர்லினில் பதிவானது: டேவிட் ஓய்ஸ்ட்ராக் வயலின், ரோஸ்ட்ரோபோவிச் செல்லோ, ரிக்டர் பியானோ, கராயன் நடத்த பெர்லின் ஃபில்ஹார்மோனிக். அட்டைப் படத்தில் நால்வரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ரிக்டர் பிற்காலத்தில் இந்தப் பதிவைக் கடுமையாகத் திட்டினார். அவர் சொன்ன கதைப்படி, கராயனும் ரோஸ்ட்ரோபோவிச்சும் ஒரு கட்சி, தானும் ஓய்ஸ்ட்ராக்கும் இன்னொரு கட்சி. இன்னொருமுறை வாசித்துப் பதிவு செய்யலாம் என்று கேட்டபோது, நேரமில்லை, புகைப்படம் எடுக்கவேண்டும் என்று கராயன் முடித்துவிட்டாராம். அதைப் படித்தபின் அந்தச் சிரிப்பைப் பார்க்கும் விதமே மாறிப்போகிறது.

எனக்கு வேறொரு குறை. பதிவில் செல்லோ பியானோ அளவுக்குப் பெரிதாக நிற்கிறது. பதிவுக்கூடத்தில் செல்லோவுக்குப் பக்கத்தில் மைக் வைத்துவிட்டால் பீத்தோவன் பட்ட பாடெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. கேட்காமல் போய்விடுமோ என்ற ஆபத்து இருந்தால்தான், கேட்கும்போது அது ஒரு செயலாகத் தெரியும். கச்சேரிவரை இனிப் பதிவுகள் வேண்டாம்.

*

வயோலாக்காரியிடம் இன்னொரு கேள்வி. கான்செர்ட்டோ ஒத்திகையில் கண்டக்டர் அதிகம் சொல்வது என்ன?

“குறைச்சு வாசியுங்கோ எண்டுதான். பேப்பர் முழுக்கப் பென்சிலால ‘பி’ எழுதி வச்சிருக்கிறம்.”

‘பி’ என்றால் பியானோ, மென்மையாக. அச்சில் பலமாக வாசிக்கச் சொல்லும் குறி இருந்தாலும் மேலே பென்சில் விழும். சில கண்டக்டர்கள் தனிக் கலைஞர் வாசிக்கும் இடங்களில் பின்வரிசைத் தந்திக்காரர்களை நிறுத்தியே விடுவார்கள். அந்தப் பெண் உட்காருவது கடைசி வரிசையில்.

“கோபம் வராதோ?”

“ஏன் வரவேணும் மாமா? நாங்கள் வாசிக்காமல் இருந்தால்தான் அவருக்கு இடம். அதுவும் வேலைதானே.”

தனிக் கலைஞர் பொதுவாக ஆர்கெஸ்ட்ராவோடு ஒன்றிரண்டு ஒத்திகைதான் சேர்ந்து பார்ப்பார். அதற்குள் அறுபது பேர் அவருடைய மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டும்.

*

இடம் விடமறுத்தவர் ஒருவர் உண்டா? இடம் விட்டதை ஏற்க மறுத்தவர் உண்டு. வயலின் மேதை பகனினியிடம் ஒரு அருமையான ஸ்ட்ராடிவாரி வயோலா இருந்தது. அதற்கு ஒரு படைப்பு எழுதித்தரும்படி இசையமைப்பாளர் பெர்லியோஸைக் கேட்டார். 1834இல் பெர்லியோஸ் எழுதத் தொடங்கியது ‘இத்தாலியில் ஹரோல்ட்’. முதல் பாகத்தின் தாளைப் பார்த்த பகனினிக்கு வயோலா சும்மா இருக்கும் இடங்கள்தான் கண்ணில் பட்டன. நான் ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்கவேண்டும் என்று சொல்லிக் கைவிட்டுவிட்டார். வேறொருவர்தான் அதை அரங்கேற்றினார்.

1838இல் பாரிஸில் பகனினி அதை முதன்முறையாகக் கேட்டார். கச்சேரி முடிந்ததும் பெர்லியோஸின் முன் மண்டியிட்டார். சில நாளில் 20,000 ஃபிராங்க் அனுப்பிவைத்தார். ஓய்வுக்குறிகளின் மதிப்பு கேட்டபிறகுதான் தெரிந்திருக்கிறது.

*

ஆர்கெஸ்ட்ரா தாங்கிய கதைகள் இரண்டு, பயணத்தில் நினைத்துக்கொள்ள.

1986 ஜூலை, அமெரிக்காவின் டாங்கிள்வுட். பதினான்கு வயது வயலின் கலைஞர் மிடோரி, பெர்ன்ஸ்டைனின் ‘செரனேட்’, நடத்துபவர் பெர்ன்ஸ்டைனே. கடைசிப் பாகத்தில் ஈ தந்தி அறுந்தது. அந்தப் பெண் ஒரு நொடி தயங்கவில்லை. கன்சர்ட்மாஸ்டரின், அதாவது முதல் வயலின்காரரின், வயலினை வாங்கித் தொடர்ந்தாள். அவளுடையதைவிடப் பெரிய வயலின் அது. அதிலும் ஈ தந்தி அறுந்தது. இன்னொரு வயலின் கைமாறியது. அதில் முடித்தாள். தனிக் கலைஞரின் தந்தி அறுந்தால் முதல் வரிசைக்காரர் தன் கருவியைக் கொடுப்பது எழுதாத சட்டம். அறுந்த வயலின் வரிசையில் பின்னோக்கிப் போகும்.

இன்னொன்று ஆம்ஸ்டர்டாம், 1990களின் கடைசி. மரியா ஜுவாவ் பிரஸ் பியானோ, ரிக்கார்டோ ஷாய் நடத்துகிறார், கன்செர்ட்கெபாவ் ஆர்கெஸ்ட்ரா. பார்வையாளர் முன்னிலையில் மதிய ஒத்திகை. ஆர்கெஸ்ட்ரா டி மைனர் மோட்சார்ட்டை ஆரம்பிக்கிறது. அவர் எதிர்பார்த்து வந்தது வேறொரு மோட்சார்ட் கான்செர்ட்டோ. முகம் வெளிறுவது அந்த ஒத்திகையைப் பதிவுசெய்த படத்தில் தெளிவாகத் தெரியும். நடத்திக்கொண்டே ஷாய் சிரித்தபடி தைரியம் சொல்கிறார். ஆர்கெஸ்ட்ரா முகப்பு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும். அந்த அவகாசத்தில் விரல்கள் நினைவைத் தேடிப்பிடிக்க, ஒரு சுரம் பிசகாமல் நுழைந்தார். மோட்சார்ட் நீண்ட முகப்பு எழுதியது எத்தனை நல்லதாகப் போயிற்று!

*

பிராம்ஸ் டபுள். இதன் பின்கதை தெரியாமல் கேட்டாலும் நன்றாக இருக்கும். தெரிந்துவிட்டால் மறக்க முடியாது.

யோசஃப் யோவாகிம் அந்தக் காலத்தின் பெரிய வயலின் கலைஞர், பிராம்ஸின் இளமைக்கால நண்பர். பிராம்ஸின் வயலின் கான்செர்ட்டோவை 1879 ஜனவரி 1 அன்று லைப்சிக்கில் அரங்கேற்றியவர். தன் மனைவி அமலிக்கும் பதிப்பாளர் சிம்ராக்குக்கும் தொடர்பு என்று யோவாகிமுக்குச் சந்தேகம். அமலி பாடகி. அவர்மேல் குற்றமில்லை என்று பிராம்ஸ் உறுதியாக நம்பினார். 1880இல் அமலிக்கு ஆறுதலாக நீண்ட கடிதம் எழுதினார். விவாகரத்து வழக்கில் அந்தக் கடிதம் நீதிமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பு அமலிக்குச் சாதகம். நட்பு முறிந்தது. அப்போதும் யோவாகிம் பிராம்ஸின் இசையை வாசிப்பதை நிறுத்தவில்லை, பேச்சைத்தான் நிறுத்தினார்.

1887 கோடை, சுவிட்சர்லாந்தின் தூன் ஏரிக்கரை. பிராம்ஸ் இந்தக் கான்செர்ட்டோவை எழுதினார். செல்லோ, ராபர்ட் ஹவுஸ்மனுக்கு. அவர் யோவாகிமின் குவார்ட்டெட்டில் செல்லோ வாசிப்பவர். தனக்கொரு கான்செர்ட்டோ வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர். வயலின் யோவாகிமுக்கு. வயலின் பகுதியில் எது சரிவரும், எது வராது என்று ஆலோசனை கேட்டுக் கடிதம் போனது. பதில் வந்தது. செப்டம்பரில் பாடன்-பாடனில் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள், கிளாரா ஷூமன் கூட இருந்தார். இது ஒரு சமாதானப் படைப்பு, இருவரும் பல வருடம் கழித்துப் பேசிக்கொண்டார்கள் என்று கிளாரா நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அக்டோபர் 18, கொலோன் நகரில் அரங்கேற்றம், பிராம்ஸ் நடத்த.

அதற்குப்பின் பிராம்ஸ் ஆர்கெஸ்ட்ராவுக்கு எதுவும் எழுதவில்லை.

*

இந்தக் கதையோடு என் கேள்வியைப் பொருத்திப் பார்க்கிறேன். சமாதானம் செய்ய ஒரு வயலின் கான்செர்ட்டோ போதாதா? ஏன் இருவர்? முதலில் பேசுவது வயலின் அல்ல, செல்லோ. அதன் நீண்ட தனிப்பேச்சு முடிந்து, காற்றுக்கருவிகள் சில அளவு மெதுவாக வாசித்தபின்தான் வயலின் வருகிறது. தானாக நேரில் போய்ப் பேசமுடியாதவர் நடுவில் ஒரு ஆளை அனுப்பியதுபோல எனக்குப் படுகிறது. இது என் ஊகம், பிராம்ஸ் அப்படி எதுவும் சொல்லிவைக்கவில்லை.

இரண்டாம் பாகத்தில் ஹார்ன்களும் மற்றக் காற்றுக்கருவிகளும் இரண்டிரண்டு சுரமாக அழைத்ததும், வயலினும் செல்லோவும் ஒரே ராகத்தை ஸ்தாயி மாற்றிச் சேர்ந்தே வாசிக்கும். சண்டையில்லை, உரையாடலும் இல்லை. ஆர்கெஸ்ட்ரா ஏறக்குறைய ஒதுங்கிவிடும். செல்லோ தனியாக வாசித்திருந்தால் மங்கிப்போயிருக்கக்கூடிய இடங்களில் மேலே வயலின் அதற்கு விளிம்பு போடுகிறது. வயலினுக்குக் கீழே செல்லோ உடம்பு கொடுக்கிறது. இருவரில் யார் யாரைக் கேட்கவைக்கிறார் என்று பிரிக்கமுடியாது.

*

இருக்கை. மேடைக்குப் பின்னால், கோரஸ் இருந்தால் அவர்கள் உட்காரும் வரிசையில் எடுத்திருக்கிறேன். விலை குறைவு. கண்டக்டரின் முகம் தெரியும். தனிக் கலைஞர்களின் முதுகுதான் தெரியும்.

ஒலி விஷயத்தில் நஷ்டம் உண்டு. பியானோவின் மூடி எதிர்ப்பக்கம் பார்த்துத் திறக்கும், பளிச்சென்ற ஒலியெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். ஹார்னின் வாய் பின்பக்கம் பார்க்கும், அது மடியிலேயே வந்து விழும். சமநிலை எல்லாம் கோணலாகத்தான் கேட்கும். ஆனால் ஆர்கெஸ்ட்ராக்காரர்களின் தாள்கள் கண்ணுக்கு எட்டும் தூரம். பென்சில் ‘பி’க்களைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. காதுக்குப் பாதி, கண்ணுக்குப் பாதி என்று முடிவுசெய்து எடுத்த டிக்கெட். தூரக் கண்ணாடியை மறக்கக்கூடாது.

*

கவனிக்கவேண்டியவை, சுருக்கமாக:

சுருதி. வழக்கமாக ஓபோ ‘ஏ’ கொடுக்கும். பியானோ வந்தபிறகு கன்சர்ட்மாஸ்டர் பியானோவில் தட்டி எடுப்பார். பியானோவை ஏற்றி இறக்க முடியாதே.

ஆட்கணக்கு. மோட்சார்ட்டுக்கு எத்தனை பேரைக் குறைக்கிறார்கள்? பிராம்ஸுக்கு நான்கு ஹார்ன், இரண்டு டிரம்பெட், டிம்பனி. அங்கே கண்டக்டரின் இடக்கை எத்தனை முறை கீழே அமர்த்துகிறது?

கே. 364இல் தனிக் கலைஞர்கள் ஆர்கெஸ்ட்ரா பகுதிகளிலும் சேர்ந்து வாசிக்கிறார்களா? அந்தக் காலத்தில் வாசித்தார்கள். சிலர் இப்போதும் செய்கிறார்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் கோடு கிடையாது என்று அறிவிப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

*

கைதட்டல் நிற்காவிட்டால் கூடுதலாக என்ன வாசிப்பார்கள் என்று வயோலாக்காரியோடு பந்தயம். அவள் சொல்வது ஹால்வோர்சனின் ‘பசகாலியா’, ஹேண்டலின் கருப்பொருளில் வயலினுக்கும் வயோலாவுக்கும் எழுதியது. மோட்சார்ட்டுக்குப் பிறகு எல்லாரும் அதைத்தான் வாசிப்பார்களாம். டிரிப்பிள் முடிந்ததும் மூவரும் ஏதாவது பியானோ டிரியோவிலிருந்து ஒரு பாகம் வாசிப்பார்கள் என்பது என் பக்கம். தோற்பவர் இடைவேளைக் காப்பிக்குப் பணம் கொடுக்கவேண்டும். அந்த அரங்கத்துக் காப்பி விலைக்கு, இரண்டுமே நடக்காமல் போனால்கூட எனக்கு ஆட்சேபணை இல்லை.